அறுபத்தோராம் பக்கத்துப் பெண்

நேர்நிரல் நிறுவனத்தின் வெள்ளிவிழாப் புத்தகத்தில், அறுபத்தோராம் பக்கத்தில், ஷோபனாவைப் பற்றி ஐந்து வாக்கியம் வந்திருந்தது. ஐந்தில் நாலு பொய். அச்சுக்குப் போகும் முன்னால் எல்லா ஊழியர்களும் ஒரு தடவை படித்துப் பாருங்கள் என்று கணினியில் அனுப்பியிருந்தார்கள். படித்த அன்று அவள் மத்தியானச் சோற்றைத் தொடவில்லை.

"ஜவ்வாது மலைக் கிராமம் ஒன்றில் ஒரு பெண் புளி காயவைத்துக்கொண்டிருந்தார். அவர் கணினியைக் கண்ணால் கண்டதில்லை. அவ்வழியே நடந்து சென்ற நமது நவீன்குமார், காயக் காயப் புளியின் எடை குறைவதை நின்று கவனித்தார். இன்று பதினோரு நாடுகளில் பயன்படும் 'உலர்வு' வசதி அந்தக் கணத்தில் அவர் மனத்தில் பிறந்தது. அந்தப் பெண்ணுக்கு இது இன்றுவரை தெரியாது."

மலைக்காரி, புளி காயவைத்தவள், அதுவரை சரி. காவலூருக்கு மேலே நாலு கிலோமீட்டரில் அத்திக்கொல்லை என்கிற ஊர்தான் அவளுக்கு. ஆனால் கணினியைக் கண்ணால் காணாதவளா? திருப்பத்தூரில் விடுதியில் தங்கி, மூன்று வருஷம் கணினி அறிவியல் படித்துப் பட்டம் வாங்கியவள். ஏழு வருஷமாகக் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஆறு வரை அந்தக் கணினிக்கு எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அதுவும் யாருடைய கணினி? நேர்நிரல் நிறுவனத்தின் கணினி!

நேர்நிரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டாயிரத்தில் அம்பத்தூரில், நட்டு போல்ட் கடை ஒன்றின் மாடியில், பஞ்சாட்சரம் என்பவர் தொடங்கிய நிறுவனம் அது. கீழே இருந்த கடைக்காரர், எத்தனை பெட்டி வந்தது, எத்தனை போனது என்று தினமும் தலையைப் பிய்த்துக்கொள்வதைப் பார்த்து, அவருக்காக ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்தார். அதற்குக் 'கிடங்கு' என்று பெயர் வைத்தார். அது பக்கத்துக் கடைக்குப் போயிற்று, அடுத்த தெருவுக்குப் போயிற்று, கடல் தாண்டியும் போயிற்று. நல்ல மென்பொருள்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பஞ்சாட்சரமும் இன்றுவரை தான் குடித்த டீ தம்ளரைத் தானே கழுவுகிறவர். அதைப் படமெடுத்து எல்லாருக்கும் அனுப்பவும் ஒரு ஆள் வைத்திருக்கிறார் என்பது வேறு விஷயம்.

இரண்டாயிரத்துப் பதினெட்டில் மலைக்கு வந்தார்கள். காவலூரில் உர மூட்டை அடுக்கியிருந்த ஒரு கட்டடத்தை வாடகைக்குப் பிடித்து, வெள்ளையடித்து, பதினான்கு பேரை வேலைக்கு எடுத்தார்கள். வாடிக்கையாளர்கள் போன் செய்தால் எடுத்துப் பேசி, கோளாறைச் சரிசெய்வது வேலை. சுவரில் நிறுவனத்தின் மூன்று விதிகளைப் பெரிய எழுத்தில் எழுதினார்கள். இங்கே சார் இல்லை, மேடம் இல்லை. எழுத்தில் இருப்பதே உண்மை. யாரும் யாரையும் எதையும் கேட்கலாம்.

முதல் விதியே மலைக்காரர்களுக்குத் தொண்டையில் சிக்கியது. பத்து வயது மூத்த மேலாளரை மொட்டையாக நவீன்குமார் என்று எப்படிக் கூப்பிடுவது? சார் என்றால் சென்னையில் சிரிக்கிறார்கள். கடைசியில் 'அண்ணா' என்று முடிவாயிற்று. அந்த அண்ணா சென்னையிலேயே இருந்தார். ஏழு வருஷத்தில் இரண்டே தடவைதான் மலைக்கு வந்திருக்கிறார். இரண்டு தடவையும் வளைவுகளில் தலை சுற்றி, வந்ததும் எலுமிச்சம்பழம் கேட்டார். நடந்து போய்ப் புளியை நின்று கவனித்தாராம்! காரை விட்டு இறங்கி நடந்த தூரம் கட்டட வாசல் வரைக்கும்தான்.

ஷோபனா வேலைக்குச் சேர்ந்த மறுவருஷம் வாணியம்பாடியிலிருந்து உஸ்மான் போன் செய்தார். உப்புப் போட்ட, பதனிடாத பச்சைத்தோலை எடைக்கு வாங்கி எடைக்கு விற்கிற வியாபாரி. போனை எடுத்ததும் காது அதிர்ந்தது.

"இன்னா மா சாஃப்ட்வேர் வச்சிக்கிறீங்க? எங்க துரைக்கண்ணைத் திருடன்னு சொல்லுது!"

"பொறுமையா சொல்லுங்க பாய். யாரு துரைக்கண்ணு?"

"எங்க குடோன் பார்க்கிற ஆளு. இருபத்திரண்டு வருஷமா கீறாரு. மாசா மாசம் சரக்குக் குறைவுன்னு செவப்புல அவரு பேரைப் போட்டுக் காட்டுது. என் மச்சான் அதைப் பார்த்துட்டு அவரை வூட்டுக்கு அனுப்பிட்டான். அந்த மனுஷன் வாசல்ல வந்து நின்னு அழுவுறாரு மா."

ஷோபனாவுக்கு வேறொரு வாசல் நினைவுக்கு வந்தது. அவளுடைய அப்பா மாதையனும் அப்படி ஒரு வாசலில் நின்றவர்தான். ஆலங்காயம் மண்டியில் புளியை நாற்பது கிலோ மூட்டையாக எடை போட்டு இறக்கிவிட்டு வருவார். ஒரு மாசம் கழித்து மண்டிக்காரன் ஆள் விட்டுக் கூப்பிடுவான். மூட்டை முப்பத்தேழரைதான் நிற்கிறது, மலைக்காரன் தராசில் கை வைத்துவிட்டான் என்று பத்துப் பேர் முன்னால் கத்துவான். புளி காயும், காய்ந்தால் எடை குறையும் என்பது மண்டிக்காரனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். திருடன் என்று சொல்லிவிட்டால் அடுத்த மூட்டைக்குக் குறைத்துக் கேட்கலாம் அல்லவா! மாதையன் தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறுவார். பன்னிரண்டு வயதில் அதை ஒரு தடவை நேரிலேயே பார்த்திருந்தாள் ஷோபனா.

பச்சைத்தோலும் அப்படித்தான் உப்பில் கிடந்து நீர் விட்டுக் குறையும் என்று அவளுக்கு உடனே புரிந்தது. கிடங்கு மென்பொருளுக்குப் புரியவில்லை. அது நட்டு போல்ட்டுக்காகப் பிறந்தது. நட்டு காய்ந்து இளைக்காது. அதனால் குறைந்ததெல்லாம் அதற்குத் திருட்டு.

ஷோபனா வீட்டில் ஐந்து மூட்டைப் புளியைத் தனியாக எடுத்து வைத்தாள். இரண்டு மூட்டை ஓட்டோடு, ஒன்று ஓடு நீக்கியது, இரண்டு கொட்டையும் எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் எடை போட்டு எழுதினாள். எட்டு வாரம். மாதையன் தராசைப் பிடித்துக்கொண்டார், எதற்கென்று கேட்கவில்லை. அதே எட்டு வாரமும் உஸ்மான் ஒரு அடுக்குத் தோலைத் தனியாக எடுத்து வைத்து, எடை போட்டுப் போனில் சொன்னார். போடுவது துரைக்கண்ணுதான். அவரைத் திரும்பக் கூப்பிட்டு வந்து, மச்சான் எதிரிலேயே எடை போட வைத்தார் உஸ்மான்.

பிறகு ஷோபனா இரண்டு பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினாள். ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு உலர்வு அட்டவணை வேண்டும். முதல் வாரம் இவ்வளவு குறையலாம், நாலாம் வாரம் இவ்வளவு, அதற்குப் பிறகு எடை நிலைக்கும். அந்த அளவைத் தாண்டிக் குறைந்தால் மட்டும் சிவப்பில் காட்டினால் போதும். புளிக்கும் தோலுக்கும் எண்களோடு கணக்குப் போட்டுக் காட்டி, இதற்கு 'உலர்வு' என்று பேர் வைக்கலாம் என்றும் எழுதினாள். எல்லாம் எழுதி முடித்துவிட்டு, மேலே முதல் வரியாக ஒன்றைச் சேர்த்தாள். "நவீன்குமார் அண்ணன் சொன்னபடி."

அவர் எதையும் சொல்லவில்லை. அவருக்கு இந்தச் சங்கதியே தெரியாது. பிறகு ஏன் எழுதினாள்?

அத்திக்கொல்லையில் ஊர் கூடும்போது வயதில் சிறியவர்கள், அதிலும் பெண்கள், தன் பேச்சாக எதையும் வைப்பதில்லை. "எங்கப்பா சொன்னாரு, கிணத்தை அந்தப் பக்கம் வெட்டினா தண்ணி வரும்னு" என்பாள் ஒருத்தி. அப்பா அங்கேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார், அவர் அப்படி ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். கூட்டத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் அது அவளுடைய யோசனை என்று தெரியும். கிணற்றில் தண்ணீர் வந்தால் ஊர் அவளைத்தான் மெச்சும். மூத்தவர் பேரை முன்னால் வைப்பது, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிற மாதிரி ஒரு மரியாதை. அதற்காகச் செருப்பை யாரும் எடுத்துக்கொண்டு போய்விடுவதில்லை.

சென்னையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

குறிப்புக்கு நவீன்குமாரிடமிருந்து கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. ஆறு மாசத்தில் உலர்வு வசதி கிடங்கு மென்பொருளில் ஏறியது. அவள் போட்ட அட்டவணை, அவள் வைத்த பேர், ஓட்டுப் புளிக்கு அவள் எடுத்த எண்கள் எல்லாம் அப்படியே இருந்தன. மிளகு வியாபாரி வாங்கினார், கருவாட்டு வியாபாரி வாங்கினார், நெல் கிடங்குகள் வாங்கின. நவீன்குமார் தயாரிப்புத் தலைவர் ஆனார். ஷோபனா இதையெல்லாம் சந்தேகப்படவே இல்லை. தன்னுடையது என்று நிறுவனத்துக்குத் தெரியும், ஊரில் தெரிகிற மாதிரி, என்று நினைத்துக்கொண்டிருந்தாள். துரைக்கண்ணு போனில் "நல்லா இரும்மா" என்று சொன்னது அவளுக்குப் போதுமாக இருந்தது.

மாதையனுக்குப் போதவில்லை. மகள் ஒரு கணக்கு கண்டுபிடித்திருக்கிறாள், இனிமேல் எந்த மண்டிக்காரனும் மலைக்காரனைத் திருடன் என்று சொல்ல முடியாது என்று அத்திக்கொல்லை முழுக்கச் சொல்லியிருந்தார். கம்பெனி புத்தகம் போடப்போகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து, "அதுல உன் பேரு வரும் இல்ல? வந்ததும் எடுத்தாந்து காட்டு. நாலு பேர் முன்னால படிக்கணும்" என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். அவர் வாழ்நாளில் வேறு எதையும் அப்படிக் கேட்டதில்லை. அதற்குத்தான் ஷோபனா பயந்தாள். அப்பா மறுபடியும் பத்துப் பேர் முன்னால் தலை குனிய வேண்டும், இந்தத் தடவை பொய்க்காரர் என்று.

அவள் நவீன்குமாருக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, அறுபத்தோராம் பக்கம் படிச்சேன். அது நான் எழுதின குறிப்புங்கண்ணா."

"தெரியுமே. அதனாலதான் மலையைச் சேர்க்கச் சொன்னேன். அந்தப் பெண் நீங்கதான் ஷோபனா!"

"நான் கம்ப்யூட்டர் பார்க்காதவளா அண்ணா?"

"அது ஒரு கதைக்காக. படிக்கிறவங்களுக்கு மனசுல நிக்கணும் இல்லையா? அப்புறம், குறிப்புல நான் சொன்னபடின்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நம்ம விதி என்ன, எழுத்தில் இருப்பதே உண்மை." அவர் குரலில் துளிக் கோபம் கூட இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. "வருத்தப்படாதீங்க. அடுத்த வாரம் படம் எடுக்க ஆள் வருது. அந்தப் பெண்ணா நீங்களே நில்லுங்க. முழுப் பக்கம் வரும்."

தான் செய்ததைத் திருடிக்கொண்டு, அந்தத் திருட்டுக்குத் தன் முகத்தையே அட்டையாக ஒட்டக் கேட்கிறானே என்று அவள் போனை வைத்துவிட்டாள். அண்ணா அண்ணா என்று ஏழு வருஷமாகக் கூப்பிட்ட நாக்கை என்ன செய்வது?

அடுத்த வாரம் கேமராவோடு இரண்டு பேர் வந்தார்கள். ஒரு பழைய கண்டாங்கிப் புடவையும் புது முறமும் கொண்டுவந்திருந்தார்கள். முறத்தில், பிளாஸ்டிக் உறையில் விற்கிற கொட்டை எடுத்த புளி. சுடிதாரும் கழுத்தில் அடையாள அட்டையுமாக உட்கார்ந்திருந்த ஷோபனாவைப் பார்த்து ஒருவர், "இந்தக் கார்டைக் கழட்டிடுங்க மேடம், இயற்கையா இருக்காது" என்றார்.

"முறத்துல யாருங்க புளி காயவைப்பாங்க?" என்று கேட்டாள் ஷோபனா. "அரிசி புடைக்கிறது முறம். புளியைப் பாறையிலயோ தார்ப்பாய்லயோ கொட்டுவாங்க. நான் நிக்க மாட்டேன். போய்ட்டு வாங்க."

போய்விட்டார்கள். முறத்தையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மாசத்துக்கு ஒரு நாள் நிறுவனத்தில் திறந்த கூட்டம் நடக்கும். ஊழியர்கள் தொள்ளாயிரம் பேரும் திரையில் பார்க்க, பஞ்சாட்சரம் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து பதில் சொல்வார். யாரும் எதையும் கேட்கலாம். வழக்கமாகக் கேன்டீன் சாம்பாரைப் பற்றிக் கேட்பார்கள். அன்று காவலூரிலிருந்து ஷோபனா கை தூக்கினாள். முழுவதையும் சொன்னாள். ஐந்து மூட்டை, எட்டு வாரம், உஸ்மானின் தோல், இரண்டு பக்கக் குறிப்பு, மேலே எழுதிய அந்த ஒரு வரி, அதை ஏன் எழுதினாள் என்பதும்.

"அது எங்க ஊர் மரியாதைங்க. நவீன்குமார் அண்ணனுக்கு அந்தக் குறிப்பு வர்ற வரைக்கும் எதுவும் தெரியாது. அவரையே கேளுங்க, இங்கதானே கீறாரு."

திரையின் ஒரு மூலையில் நவீன்குமாரின் முகம் இருந்தது. அது சிரித்த மாதிரியே நின்றது.

பஞ்சாட்சரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஷோபனா, மனசு விட்டுப் பேசினதுக்கு நன்றி. இதுதான் நம்ம கலாசாரம். ஆனா ஒண்ணு யோசிங்க. இந்தக் கம்பெனியில 'நான்'னு ஒண்ணு கிடையாது. 'நாம' தான். யோசனை யாருக்கு வந்ததுங்கிறது முக்கியமா?"

"முக்கியம் இல்லைன்னா நவீன்குமார் பேரையும் எடுத்துடுங்க சார்."

சார் என்கிற சொல் தொள்ளாயிரம் பேர் காதில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. பஞ்சாட்சரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு, "இதை நாம தனியா பேசலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அடுத்த கேள்வி சாம்பார்.

தனியாக யாரும் பேசவில்லை. ஒரு மாசம் காத்திருந்தாள். இரண்டு தடவை எழுதிக் கேட்டாள், பரிசீலனையில் இருக்கிறது என்று இரண்டு தடவையும் ஒரே பதில் வந்தது. மூன்றாவது மாசம் ஆலங்காயத்திலிருந்து ஒரு வேன் வந்து பெட்டிகளை இறக்கியது. வெள்ளிவிழாப் புத்தகம், நூற்று எண்பது பிரதி. வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர், வேலூர்ப் பக்கத்து வாடிக்கையாளர்களுக்கு மலை அலுவலகத்திலிருந்து அனுப்ப வேண்டும். முகவரி ஒட்டி அனுப்பும் பொறுப்பு ஷோபனாவுக்கு என்று மேலே ஒரு தாள். வேறு பதிமூன்று பேர் இருக்க, அவளுக்கு!

அவள் ஒரு பெட்டியைப் பிரித்து அறுபத்தோராம் பக்கத்தைத் திருப்பினாள். நவீன்குமார் பேர் இருந்தது. ஐந்து வாக்கியமும் இருந்தது. ஒன்றே ஒன்றைத் திருத்தியிருந்தார்கள். "ஒரு பெண்" என்பது "ஒரு பழங்குடிப் பெண்" ஆகியிருந்தது. எதிர்ப் பக்கம் முழுக்கப் படம். சென்னையில் யாரோ ஒரு பெண்ணுக்குக் கண்டாங்கி கட்டி, கையில் அந்த முறத்தைக் கொடுத்து நிற்கவைத்திருந்தார்கள். அவள் புளியைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஷோபனா கதவைச் சாத்தவில்லை, ஒளியவும் இல்லை. அலுவலகத்தின் நடுவில் இருந்த பெரிய மேசையில் புத்தகங்களை அடுக்கினாள். அலமாரியிலிருந்து கறுப்பு மை பேனா நாலு எடுத்து வந்தாள். அறுபத்தோராம் பக்கத்தின் ஐந்து வாக்கியத்தையும் அடித்தாள். ஓரத்தில் இருந்த வெள்ளையில் எழுதினாள். "உலர்வு அட்டவணையைப் போட்டவள் மா. ஷோபனா, பி.எஸ்சி., அத்திக்கொல்லை. எடை போட்டவர்கள் மாதையன், துரைக்கண்ணு." கீழே கையெழுத்தும் தன் நேரடிப் போன் எண்ணும். சந்தேகம் இருக்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

நூற்று எண்பது பிரதி. மூன்று பகல் ஆயிற்று, வருகிற போனையும் எடுத்துக்கொண்டே. இரண்டாம் நாள் விரல் வீங்கியது, துணி சுற்றிக்கொண்டு எழுதினாள். மற்ற பதிமூன்று பேரும் பார்த்தார்கள். வேலை போய்விடும் என்று ஒருத்தி காதோடு சொன்னாள். யாரோ ஒருவர் பேசாமல் வந்து புத்தகத்தைத் திறந்து பக்கத்தை எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார். மூன்றாம் நாள் சாயங்காலம் கட்டுகள் காவலூர் பஸ்ஸில் ஏறின. நூற்று எழுபத்தொன்பதுதான் ஏறியது. ஒன்றை அவள் பையில் வைத்துக்கொண்டு அத்திக்கொல்லைக்குப் போனாள்.

மாதையன் கண்ணாடி போட்டுக்கொண்டு, வீட்டு வாசலில் கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும், கையால் எழுதிய வரிகளை எழுத்துக் கூட்டிப் படித்தார். தன் பேர் வந்த இடத்தில் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து படித்தார். அச்சடித்த வரிகளை எதற்கு அடித்திருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஐந்து நாள் கழித்துக் காலை பத்து மணிக்குச் சென்னையிலிருந்து போன் வந்தது. நவீன்குமார். இந்தத் தடவை குரலில் கோபம் இருந்தது. உஸ்மான் புத்தகத்தைப் பார்த்துவிட்டு நேரே பஞ்சாட்சரத்துக்கே போன் போட்டுக் கத்தியிருக்கிறார், ஆம்பூரிலிருந்து இரண்டு பேர் என்ன விஷயம் என்று கேட்டிருக்கிறார்கள்.

"கம்பெனிப் புத்தகத்துல இப்படிக் கிறுக்கி அனுப்பியிருக்கீங்களே, யார் சொல்லி எழுதினீங்க?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லல," என்றாள் ஷோபனா. "நானே எழுதினேன்."